தராசு பிடித்த கணித மேதையும் குகைக்குள் நுழைந்த அதிகாரியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல ஏதாவது ஒரு சமணக் காப்பியத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனே வந்து, ரவிவார் பேட்டில் நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை நடத்துகிறவன் நான். இரவில் கடை சாத்திய பிறகு படித்த படிப்புதான் என் படிப்பு. அதில் காப்பியம் ஒன்று போதும், பத்துப் பக்கம் ஓடிவிடும். ஆனால் போன வருஷம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயம் என்னை வேறு பக்கம் திருப்பிவிட்டது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதே கதை வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததால் இதையே எழுதுகிறேன்.

என் தங்கை மகன் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். வயது 44. இங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் பதினைந்து வருஷம் வேலை. ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம், தினமும் காலை எட்டரைக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஜங்லி மகாராஜ் சாலையில் இருக்கும் சம்பாஜி பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியிருக்கிறான். எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் டெம்போக்காரர் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டு விசாரித்தேன். "எந்தக் கம்பெனிக்குப் போனாலும், உங்க படிப்பு ஜாஸ்தி, வயசும் ஜாஸ்திங்கிறாங்க மாமா" என்றான். "சரி, வீட்டிலே சும்மா இருக்க வேணாம், கடைக்கு வா" என்றேன். அதற்கு என் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "டாக்டர் பட்டம் வாங்கினவன் பித்தளைத் தவலை நிறுத்துக் குடுக்கவா அண்ணா?" என்று மூன்றாம் நாள் கேட்டாள்.

நிறுத்துக் கொடுப்பது என்றதும் எனக்கு ஒருவர் நினைவு வந்தார். இதே புனேயில், நம்மில் பலர் தினமும் கடந்து போகிற பண்டார்கர் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த கணித மேதை. அவரும் தராசைப் பிடித்தவர்தான். தாமோதர் தர்மானந்த் கோசாம்பி.

கோசாம்பி 1907-இல் கோவாவில் பிறந்தவர். தகப்பனார் தர்மானந்த கோசாம்பி பௌத்த அறிஞர், பாலி மொழி வல்லுநர். மகன் 1929-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றுத் திரும்பி, காசியிலும் அலிகாரிலும் கணிதம் கற்பித்துவிட்டு, 1930-களின் தொடக்கத்தில் நம் பெர்குசன் கல்லூரிக்கு வந்தார். பன்னிரண்டு வருஷம்போல அங்கே கணிதப் பேராசிரியர். பிறகு ஹோமி பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அது பம்பாயில். குடியிருப்பு புனே. டெக்கான் குயின் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். 1944-இல் அவர் மரபணுவியலுக்குத் தந்த ஒரு சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்படிப்பட்ட ஒருவர் பழங்கால இந்திய வரலாற்றை எழுதும் முறையையே மாற்றியவர் என்றால், எங்கே, எப்படித் திரும்பினார் என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

திரும்பவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவருக்குப் புள்ளியியல் கற்றுக்கொள்ள ஆசை. கற்றுத்தர ஆள் இல்லை. கையில் கிடைத்த கணக்குகளைப் போட்டுப் பார்த்தே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். முதலில் மாணவர்களின் பரீட்சை மதிப்பெண்களை எடுத்துக்கொண்டார். அடுத்ததாக எடுத்துக்கொண்டது முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளை. மௌரியர் காலத்திலும் அதற்கு முன்பும் வழங்கிய காசுகள் அவை. அரசர் பெயர் இருக்காது, எழுத்து இருக்காது. சூரியன், சக்கரம், மலை, யானை என்று சின்னங்கள் மட்டும் முன்பக்கம் குத்தியிருக்கும். எந்தக் காசு எந்த அரசனுடையது, எது முந்தியது, எது பிந்தியது என்று அறிஞர்கள் சின்னங்களைப் பார்த்து ஊகம் செய்துகொண்டிருந்தார்கள். கோசாம்பி சின்னத்தை மட்டும் பார்க்காமல் எடையைப் பார்த்தார்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாத்திர வியாபாரிக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. நாங்கள் பித்தளையும் செம்பும் எடை போட்டுத்தான் விற்கிறோம், பழசை எடை போட்டுத்தான் வாங்குகிறோம். பாட்டி காலத்துத் தவலையைக் கொண்டுவருகிற அம்மாள், "வாங்கறப்ப மூணு கிலோ இருந்துது, இப்ப எப்படிக் குறையும்?" என்று சண்டைக்கு வருவாள். ஐம்பது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் குறையாமல் என்ன செய்யும்? தேய்த்த கைகளின் கணக்கு அந்தக் குறைவில் இருக்கிறது. காசும் அப்படித்தான். பட்டறையிலிருந்து வரும்போது ஏறக்குறைய ஒரே எடை, சுமார் 3.4 கிராம். கைமாறக் கைமாறத் தேய்கிறது. ஒரே சமயத்தில் வெளியான காசுகளாகவே இருந்தாலும், நாளாக ஆகச் சராசரி எடை குறைவது மட்டுமல்ல, ஒன்றுக்கொன்று எடை வித்தியாசமும் அதிகமாகிறது. சில காசு அதிகக் கை பட்டிருக்கும், சில பானைக்குள் தூங்கியிருக்கும்.

இது உண்மைதானா என்று பார்க்க, தம் காலத்தில் புழங்கிய சாதாரண நாணயங்களை ஆயிரக்கணக்கில் எடை போட்டுப் பார்த்தார் கோசாம்பி. பிறகு தட்சசீலத்தில் கிடைத்த புதையலுக்குப் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கொண்ட அந்தப் புதையலில் அலெக்சாந்தரின் காசுகளும் தேயாமல் கிடைத்ததால், அது புதைக்கப்பட்ட காலம் ஓரளவு தெரியும். காசின் பின்பக்கத்தில் சிறு சிறு குறிகள் இருந்தன. அவை புழக்கத்தில் இருந்தபோது அவ்வப்போது சோதித்துப் பார்த்தவர்கள் போட்ட அடையாளம் என்பது அவர் கருத்து. பின்பக்கக் குறி கூடக் கூட எடை குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். குறி அதிகம் என்றால் அந்தக் காசு அதிக நாள் சந்தையில் அலைந்திருக்கிறது. இதை வைத்து முன்பக்கச் சின்னங்களைக் கால வரிசையில் அடுக்க முடிந்தது. 1940 வாக்கில் தொடங்கிய வேலை இது. அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது.

காசுகள் வரிசைக்கு வந்துவிட்டன. இவற்றை அடித்த அரசர்கள் யார்? அதற்குப் புராணங்களையும், பௌத்த, சமண நூல்களையும் பார்க்க வேண்டும். ஒரே அரசனுக்கு ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு பெயர். அதைச் சரிபார்க்கச் சமஸ்கிருதம் வேண்டும். வீட்டில் காதில் விழுந்தது தவிர முறையாகப் படித்ததில்லை. ஒரு நூலை எடுத்து ஆழமாகப் பார்த்தால்தான் மொழி வரும் என்று பர்த்ருஹரியின் சதகங்களை எடுத்தார். எடுத்தால், ஒரு சுவடியில் இருக்கும் பாட்டு இன்னொன்றில் இல்லை. எது பர்த்ருஹரியுடையது, எது பின்னால் வந்து சேர்ந்தது? நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1948-இல் செம்பதிப்பு கொண்டுவந்தார். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, அந்தப் பதிப்பு வெளிவந்தது சிங்கி ஜைன நூல் வரிசையில். முனி ஜினவிஜயர் பொறுப்பில் நடந்த வரிசை அது. புள்ளியியல் பழகப் போன மனிதர் சமண நூல் வரிசையில் சமஸ்கிருதப் பதிப்பாசிரியராக வந்து நின்றார்!

அங்கும் நிற்கவில்லை. நூல்களில் இருப்பது மட்டும் வரலாறு அல்ல என்று காலால் நடந்தார். தம் வீட்டைச் சுற்றியுள்ள குன்றுகளில் கற்கால மனிதன் விட்டுப்போன சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பொறுக்கினார். பழைய வணிகப் பாதைகளைத் தேடி ஜுன்னர், கார்லே என்று அலைந்தார். கார்லே குகை தெரியும் அல்லவா? மளவலி ரயில் நிலையத்தில் இறங்கி நம் பிள்ளைகள் மழைக்காலத்தில் படம் எடுக்கப் போகிற இடம். அந்தத் தூண்களைக் கொடுத்தவர்கள் பெயர் பிராமி எழுத்தில் இருக்கிறது. தேனுகாகடம் என்ற ஊர்க்காரர்கள் பலர், அவர்களில் வணிகர்களும் உண்டு. அந்த ஊரைப் பற்றி 1955-இல் ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த வருஷம் அவருடைய பெரிய வரலாற்று நூல் வந்தது.

இதையெல்லாம் நான் தங்கை மகனிடம் கடையில் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டான். "மாமா, அவருக்கு மாசா மாசம் சம்பளம் வந்துகிட்டிருந்துதே?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். கோசாம்பி இத்தனையையும் செய்தது கணித உத்தியோகத்தில் இருந்துகொண்டு. சரித்திரம் அவருக்குச் சோறு போடவில்லை. கணிதம் போட்டது. அதுவும் கடைசி வரை போடவில்லை. கணிதத்தில் பெயர்பெற்ற ரீமான் கருதுகோளை நிறுவிவிட்டதாக 1959-இல் எழுதினார். நிரூபணம் நிற்கவில்லை. பெயர் கெட்டது. 1962-இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வயது 55 நெருங்கும்போது வேலை இல்லை. 1964-இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அவருக்கு ஓய்வுநிலை விஞ்ஞானி என்று ஓர் இடம் தந்தது. புனேயிலேயே இருந்து எழுதினார். 1965-இல் அவருடைய புகழ்பெற்ற நாகரிக வரலாறு வந்தது. 1966 ஜூன் 29-இல் தூக்கத்திலேயே காலமானார். அந்த 1962-இல் கைக்கு ஒரு வேலை போனபோது, இருபது வருஷமாகப் பக்கத்திலேயே வளர்த்த இன்னொன்று இருந்தது. என் தங்கை மகனுக்கு அது இல்லை. அவன் கேட்டதன் பொருள் அதுதான்.

நம் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்லிப் பார்த்தேன். ஐராவதம் மகாதேவனை எல்லோரும் எப்படிச் சொல்வார்கள்? ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டுக் கல்வெட்டு படிக்கப் போனவர் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வசதி. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் பணியில் சேர்ந்தது 1954. விருப்ப ஓய்வு பெற்றது 1980. கரூர்ப் பக்கம் புகளூர்க் கல்வெட்டில் சேர அரசர் பெயர்களைப் படித்து வெளியிட்டது 1965. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பைக் கருத்தரங்கில் வைத்தது 1966. சிந்துவெளி எழுத்துகளின் அடைவை இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது 1977. அதாவது வேலையை விடுவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே அவர் குகைக்குள் இருந்தார்! அவரும் இரசாயனப் பட்டதாரி, பிறகு சட்டம் படித்தவர். கல்வெட்டியலில் அவருக்குப் பட்டம் கிடையாது. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற பெரியவர்கள் தூண்டிவிட்டார்கள், இவர் பிடித்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் அத்தனை இலகுவானதல்ல. மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில் சமண முனிவர்களுக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி 1882-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் காட்டினார். ஆனாலும் முழுமையாகப் படிபடவில்லை. வடக்கே பிராமி எழுத்தில் மெய்யெழுத்துக்குள் அகரம் தானாக அடங்கியிருக்கும். தமிழுக்கு அது பொருந்தவில்லை, ஏனென்றால் தமிழில் சொல் இறுதியில் வெறும் மெய் அடிக்கடி வரும். பழைய தமிழர் இதைச் சமாளிக்க வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறை வைத்திருந்தார்கள், கடைசியில் புள்ளி வந்தது. எந்தக் கல்வெட்டு எந்த முறையில் என்று பிரித்துப் பார்த்தால்தான் சரியாகப் படிக்க முடியும். மகாதேவன் அந்தப் பிரிவைத் திட்டமாகச் செய்தார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் தெளிந்தது. கோப்புகளைப் பிரித்து அடுக்கிப் பழகிய அதிகாரியின் கை இதில் தெரிகிறது என்பது என் எண்ணம். சட்டம் படித்தவர் என்பதால் சாட்சியம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொல்வார்.

இந்தக் கல்வெட்டுகளில் எனக்கு ஒரு சொந்த பாத்தியதை உண்டு. கல் படுக்கை கொடுத்தவர்கள் அரசர்கள் மட்டுமல்ல. புகளூரில் கருவூர்ப் பொன் வணிகன். அழகர்மலையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், அதாவது துணி வியாபாரி, கொழு வணிகன். கொழு என்றால் ஏர்க் கொழு, இரும்பு வியாபாரம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய உலோக வியாபாரி ஒருவர் அமணர்க்கு இடம் கொடுத்துத் தம் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். கார்லேயில் பௌத்தர்க்குக் கொடுத்த வணிகர்களைக் கோசாம்பி தேடினார், அழகர்மலையில் சமணர்க்குக் கொடுத்த வணிகர்களை மகாதேவன் படித்துக் கொடுத்தார். கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன?

பணியை விட்ட பிறகும் நேராகக் குகைக்குப் போய்விடவில்லை மகாதேவன். பத்திரிகைத் துறைக்கு வந்தார். 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். அதன் பின் 1990-களில் மறுபடி மலை மலையாக ஏறி ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் நேரே பார்த்துப் படி எடுத்தார். அவருடைய பெரிய நூல் 2003-இல் வந்தபோது வயது 72. 2018-இல் காலமாகும் வரை வேலை செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் பக்கத்திலே ஒண்ணு இருந்தது. எனக்கு இல்லே. அவ்வளவுதானே மாமா?" என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் சொன்னேன்: "கோசாம்பி பெரிசா ஒண்ணையும் தேடிப் போகலேடா. கணக்குப் பழக ஒரு அப்பியாசம் வேணும்னு காசை எடுத்தார். நீயும் ஒரு அப்பியாசம் எடு." என்ன அப்பியாசம் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து ஔந்திலிருந்து ஒரு தமிழ் அம்மாள் ஈயச் சொம்பு கேட்டு வந்தார். ரசத்துக்கு. "இது அசல் ஈயமா? இணையத்திலே என்னென்னவோ பயமுறுத்தறாங்க, விஷம்ங்கிறாங்க" என்றார். நான் நாற்பது வருஷமாகச் சொல்லும் பதிலையே சொன்னேன்: நல்ல இடத்துச் சரக்கு, பயப்படாதீங்க. உள்ளே உட்கார்ந்திருந்த பையன் எழுந்து வந்தான். தமிழில் ஈயம் என்று ஒரே பேரில் இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம் என்று அந்த அம்மாளுக்கு விளக்கினான். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம். அது கெடுதல் இல்லை. காரீயம் வேறு, அது உடம்பில் சேர்ந்தால், அதுவும் குழந்தைகளுக்கு, பெரிய கெடுதல். காரீயம் விலை குறைவு, ஆகையால் கலப்படம் நடக்கும். புளி ரசம் அமிலம், அது காரீயத்தைக் கரைத்து எடுக்கும். "அப்போ இதிலே கலந்திருக்கா இல்லியா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சொம்பைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக விற்கிறேன், என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி கடை சாத்திய பிறகு அவன் தராசைக் கேட்டான். சொம்பை முதலில் காற்றில் நிறுத்தான். பிறகு நூலில் கட்டி, குமிழி இல்லாமல் தண்ணீரில் முழுக விட்டு நிறுத்தான். குறைந்த எடை, சொம்பு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி. வெள்ளீயம் என்றால் 7.3 வர வேண்டும். காரீயம் 11.3. பாதிக்குப் பாதி கலந்த சரக்கு தராசிலேயே மாட்டிக்கொள்ளும். நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தால் மாட்டாது, அதற்கு நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி வேண்டும் என்றான். அதற்கும் தெரிந்த ஒரு நகைக்கடையில் ஏற்பாடு செய்தோம். என் கடையில் இருந்த இருபத்துமூன்று சொம்பில் நான்கு தேறவில்லை. அந்த நான்கையும் வியாபாரியிடம் திருப்பி அனுப்பினேன். அவரோடு இருபது வருஷப் பழக்கம், இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பையனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. பாத்திரங்களுக்குக் கலாய் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் ஈயத்தை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறான். மூன்று கடைக்காரர்கள் கட்டணம் கொடுத்துச் சோதனைச் சீட்டு வாங்குகிறார்கள். ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் இரசாயன வகுப்பு. இரண்டும் சேர்த்து அவன் பழைய சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வரும். மருமகள் வேலையில் இருப்பதால் குடும்பம் ஓடுகிறது. டிபன் டப்பாவோடு பூங்காவுக்குப் போவதில்லை.

போன மாதம் என் தங்கை கடைக்கு வந்தாள். மகன் கடையில் உட்கார ஆரம்பித்ததற்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. பையிலிருந்து பழைய புடவைத் துணியில் சுற்றிய எதையோ எடுத்து மகன் முன்னால் வைத்தாள். எங்கள் அம்மா அவளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த ஈயச் சொம்பு. "இதையும் பாருடா" என்றாள். அவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டான். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.